எட்டாம் நம்பர் மேட்டுக்கு ஒரு சைக்கிள்

1. பாதியில் நின்ற பெடல்

நான் கட்டிக் கொடுத்த சைக்கிளில் ஏறிய ஒருவர், ஒரு முழுச் சுற்றுகூடப் பெடல் மிதிக்க முடியாமல் இறங்கி நின்றதை, வேலைக்கு வந்த பத்தாவது வருடத்தில் பார்த்தேன். அதுவரை நான் நல்ல மெக்கானிக் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனருடைய சைக்கிள் கடையில் எனக்கு வேலை. ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போன ஆட்கள் குறையக் குறைய, எங்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிற வேலைகூடக் குறைந்தது. அப்போதுதான் எங்கள் முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், பினாங்கிலிருந்து மவுண்டன் பைக் சாமான்களை வரவழைக்கத் தொடங்கினார். பிரேம் தனியாக வரும். ஃபோர்க், ரிம், ஹப், கியர் எல்லாம் தனித்தனிப் பெட்டியில் வரும். வாடிக்கையாளர் கேட்கிற மாதிரி நான் சேர்த்துக் கட்டித் தருவேன்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளேடாங் மலையில் ஏறி இறங்கி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையில் இருந்து படத்தைக் கிழித்துக் கொண்டுவந்து, இதே டயர், இதே கியர் வேண்டும் என்பார்கள். எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான். எவ்வளவு செங்குத்தான மேடு ஏறும்? நானும் அதற்குப் பதில் சொல்லத்தான் பழகியிருந்தேன்.

அஞ்சலை அக்கா வந்தது ஒரு புதன்கிழமை மதியத்துக்கு மேல். அவருக்கு நாற்பது வயது இருக்கும். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கிற மகளும் கூட வந்திருந்தாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அக்கா இடது காலை விறைப்பாக வைத்து நடந்தார்.

"தம்பி, மேடு ஏறுற சைக்கிள் இங்க கட்டித் தாராங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணு வேணும்."

"யாருக்குக்கா, மகளுக்கா?"

"எனக்குத்தான்."

நான் அவர் காலைப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். நான் யோசிக்காமல் சொன்னேன். "இந்தக் கால வச்சிக்கிட்டு கஷ்டம்க்கா. நீங்க பஸ்ஸுல போறதுதான் நல்லது."

"எட்டாம் நம்பர் காட்டுக்கு பஸ் போவுதா தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்பது போலத்தான் கேட்டார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் சொன்னது இது. ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால் வெட்டுகிறவர். ஏழெட்டு மாதத்துக்கு முன் மழையில் வரப்பு சரிந்து கீழே விழுந்து முட்டி உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார்கள். ஆனால் முட்டி நாற்காலியில் உட்காரும் அளவுக்குத்தான் மடங்கும். அதற்கு மேல் வராது. பெடல் மிதித்தால் கால் பழகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் சமதரையாக இருந்த ரப்பர் காடுகளையெல்லாம் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பது மேட்டுக்காடு மட்டும். அவருக்குக் கொடுத்திருப்பது எட்டாம் நம்பர்.

"லயத்துலேருந்து ரெண்டரை கட்ட தூரம். கடைசி ஒரு கட்ட நெட்டுக்குத்தா இருக்கும். நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் வந்துருது. வெயில் வந்தா பால் ஓடாது." தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள்தான் லயம்; கட்டை என்றால் மைல்.

"மத்தவங்க எப்படிப் போறாங்க?"

"அவங்கவங்க புருஷன் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடுறாரு. எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூருக்குப் போனவரு. ஆறு வருஷமா கடுதாசி இல்ல. நானே மோட்டார் ஓட்டலாம்னா, கியர் போடுறது எடக்கால்லதான இருக்கு."

தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணியான மண்டோர் அடுத்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் மற்றவர்கள் மாதிரி நேரத்துக்கு வெட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் காடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"காடு போனா தோட்டத்துப் பதிவுல பேரு போச்சு. பேரு போனா லயத்து வீடும் போயிரும். இவளுக்கு வருஷக் கடைசியில பரீட்ச இருக்கு. அதுவரைக்குமாச்சும் அந்த வீட்டுல இருக்கணும்."

மகள் தலை நிமிராமல் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கட்டித் தருவதாகச் சொன்னேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தானே. தோட்டத்துச் சடக்கு, அந்த மண் ரோடு, எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். நான் பிறந்தது தெலுக் இந்தான் பக்கம், அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடுகூடக் கிடையாது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

என்ன சாமான் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் சின்னப் பல் சக்கரம் இருபத்தெட்டு பல். பின்னால் பெரிய பல் சக்கரமும் இருபத்தெட்டு. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். மெதுவாகப் போகும், ஆனால் சுவர் மாதிரி மேட்டில்கூட ஏறும். டயர் இருபத்தாறு அங்குலம், இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம், டவுன்காரர்கள் விரும்பிக் கேட்கிற, குமிழ்கள் நெருக்கமாக வைத்த டயர். காற்றைக் கல் மாதிரி அடித்தேன். ரிம் மட்டும் இரும்பு, குரோம் பூசியது. அலுமினிய ரிம் லேசு. அது டவுன்காரர்களுக்கு. தோட்டத்து ஆளுக்கு உறுதிதான் முக்கியம் என்று நானே தீர்மானித்தேன். அவரிடம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்தார். கடைக்குப் பின்னால் சந்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தார். வலது காலால் மிதித்தார். இடது பெடல் மேலே ஏறியது. பாதி உயரம் வந்ததும் நின்றுவிட்டது. முட்டி அதற்கு மேல் மடங்கவில்லை. இன்னொரு தரம் மிதித்தார். அதே இடத்தில் நின்றது. சீட்டை உயர்த்திப் பார்த்தேன். இப்போது மேலே போகும்போது முட்டிக்கு இடம் கிடைத்தது, ஆனால் கீழே போகும்போது கால் எட்டவில்லை. மூன்றாவது தரம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்ததில் நெற்றியில் வியர்த்துவிட்டது.

இறங்கி நின்றார். "பரவால்ல தம்பி. நீங்க நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. என் காலுதான் சரியில்ல" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. சைக்கிள் கால் வழிக்கு வராததற்கு அவர் தன் காலைக் குறை சொன்னார்.

2. எதிர்ப்பக்கம் சுற்றும் மரை

அவர்கள் போன பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெடலைத் தாங்குகிற கிராங்க் கை ஆறேமுக்கால் அங்குலம். அப்படியானால் பெடல் கீழே இருந்து மேலே போக பதிமூன்றரை அங்குலம் உயர்கிறது. அவர் முட்டி அந்த உயரத்துக்குத்தான் மறுக்கிறது. கையை ஐந்து அங்குலமாக்கினால் பெடல் பத்து அங்குலம்தான் உயரும். மூன்றரை அங்குலம் மிச்சம். அதுவும் இடது கையை மட்டும் குறைத்தால் போதும். வலது கால் நல்ல கால். அதற்கு நீளமான கையே இருக்கட்டும், இழுவை கிடைக்கும். அடிபட்டது இடது முட்டியாக இருந்தது என் நல்ல காலம். வலது கையில்தான் பல் சக்கரங்கள் எல்லாம் மாட்டியிருக்கும், அதில் கை வைப்பது பெரிய வேலை.

தவுக்கேயிடம் சொன்னேன். அவர் கிராங்க் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அரைகுறைத் தமிழில், "ஒரு கை நீட்டு, ஒரு கை கட்ட. ஆளு சாஞ்சி உளாதா?" என்று கேட்டார்.

"தெரியல தவுக்கே. செஞ்சி பாப்போம்."

"செய்லா. ஆனா உளுந்தா உன் பேரு சொல்லுவேன், என் கட பேரு சொல்லமாட்டேன்" என்று சிரித்தார்.

மெங்லெம்புவில் ஒரு லேத் பட்டறைக்கு, கனமான இரும்புக் கிராங்க் கை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு காலத்தில் குளத்தில் மிதந்தபடி ஈயம் தோண்டுகிற ஈயக் கப்பலுக்குச் சாமான் கடைந்த பட்டறை. அன்று மூன்று லேத்தில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து அங்குலத்தில் ஒரு துளை, ஆறு அங்குலத்தில் ஒரு துளை போடச் சொன்னேன். இரண்டாவது எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். கால் பழகினால் பெடலை வெளியே தள்ளிப் போடலாம் என்றேன். துளை போடுவது சுலபம். மரை போடுவதுதான் சிக்கல். இடது பக்கத்துப் பெடலின் மரை மற்றத் திருகுகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படி இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடும். எதிர்ப்பக்க மரை வெட்டுகிற டாப் அந்தப் பட்டறையில் இல்லை. எங்கள் கடையிலும் இல்லை. கடைசியில் காம்பாரில் ஒரு பழைய சைக்கிள் கடையில் கிடைத்தது. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். இதற்கே நாலு நாள் ஓடிவிட்டது.

மறுபடியும் அதே சந்து. அஞ்சலை அக்கா ஏறி உட்கார்ந்தார். இடது பெடல் மேலே வந்தது. முட்டி மடங்கியது. ஒரு கணம் தயங்கினாற்போல இருந்தது. பிறகு மேலே தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. சந்தின் கோடி வரை போனார், திரும்பி வந்தார். நிறுத்தாமல் இன்னொரு தரம் போனார்.

"நொண்டுற மாதிரி இருக்கு தம்பி. ஆனா சுத்துது."

மகள் அப்போதுதான் முதல் முறையாக என்னிடம் பேசினாள். "அண்ணே, இது மழையில நனையலாமா?" என்று கேட்டாள். தாராளமாக நனையலாம், சங்கிலிக்கு எண்ணெய் மட்டும் விடுங்கள் என்றேன்.

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

3. பலகைப் பாலம்

ஐந்தாவது நாள் கடைக்குப் போன் வந்தது.

"சைக்கிள் கடையா? மண்டோர் கோவிந்தன் பேசுறேன். உங்க சைக்கிள்ல இருந்து அஞ்சல உளுந்துட்டாங்க."

"அடி பலமாண்ணே? அந்தக் காலுலயா?"

"கால் தப்பிச்சுது. கையில முழுக்க செராச்சிருக்கு. பால் பூராவும் கால்வாயில போச்சு. அத நான் இனிமே காட்டுக்குள்ள ஓட்ட விடமாட்டேன்லா. எனக்கும் மேல தொர இருக்காரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

லயத்து வீட்டின் வாசலில் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. முன் சக்கரம் கோணியிருந்தது. பின் டயரைப் பார்த்தேன். குமிழ்களே தெரியவில்லை. நெருக்கமான குமிழ்களுக்கு நடுவே செம்மண் அப்பிக் காய்ந்து, டயர் மொழுமொழுவென்று ஒரு மண் சக்கரமாகவே ஆகியிருந்தது. அக்கா இரண்டு முழங்கையிலும் மருந்துத் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"மேடு ஏறுச்சாக்கா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த நிலையிலும் என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

"ஏறுச்சு. நல்லாவே ஏறுச்சு. நாலு நாளும் எல்லாருக்கும் முன்னால நான்தான் காட்டுல இருந்தேன்."

"பெறகு எப்படி?"

"நீங்க ஏர்றதப் பத்தியே கேக்குறீங்களே தம்பி. நான் வெறுங்கையோட ஏறுறேன். எறங்கும்போது பாலோடதான எறங்குறேன். நேத்து மழை வேற."

நான் மண் அப்பிய டயரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க அந்த மேட்டப் பாத்திருக்கீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப வாங்க. பாத்துருவோம்."

முன் சக்கரத்தை ஓடுகிற அளவுக்கு நிமிர்த்தினேன். இரண்டு பால் வாளிகளில் தண்ணீர் நிரப்பினோம். முப்பது கிலோ இருக்கும். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரில் வாளிகளை மேலே கொண்டுவந்து இறக்கினார், பிறகு அக்காவை மேட்டு அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனார். நான் சைக்கிளில் ஏறிப் போனேன். ஏறும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கியர் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வாளிகளைப் பின் கேரியரில் வைத்துக் கட்டினேன். ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் பின்னால் சாய்ந்தது, முன் சக்கரத்தில் பாரமே இல்லை. இருபது அடி இறங்கியிருப்பேன். பிரேக்கை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். நனைந்த குரோமில் பிரேக் ரப்பர் சோப்பு மாதிரி வழுக்கியது. ரிம்மில் இருந்த தண்ணீரைத் துடைத்து ரப்பர் பிடிப்பதற்குள் சைக்கிள் இன்னும் முப்பது அடி ஓடிவிட்டது. கால் இரண்டையும் தரையில் தேய்த்து, ஒரு ரப்பர் மரத்தில் தோளை இடித்துக்கொண்டு நின்றேன்.

இரும்பு ரிம் மழையில் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பத்து வருடமாகத் தெரியும். சமதரையில் ஓட்டுகிறவர்கள் மழையில் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தெரிந்த விஷயத்தை இந்த மேட்டோடும் இந்தப் பாரத்தோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏறுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவன், ஏறியவர் இறங்கியாக வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

மிச்ச தூரத்தைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்தில் சடக்கு இடது பக்கம் திரும்புகிறது. திரும்பியதும் ஒரு கால்வாய், அதன் மேல் இரண்டு பலகை போட்ட பாலம். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் யாரும் திரும்ப முடியாது. கால்வாய் ஓரத்துப் புல்லில் பால் உறைந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என் கிழிந்த சட்டைத் தோளைப் பார்த்தார்.

மண்டோர் கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். தவறு என்னுடையது, அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"சரி. மாத்திக் கொண்டாங்க. நான் பாலத்துக்கிட்ட நிப்பேன். ரிம்ம நனைச்சி, பாரத்தோட அவங்க எறங்கணும். நின்னா காடு அவங்களுக்கு. நிக்கலன்னா எங்கிட்ட கேக்காதீங்க."

4. இன்னொருவருடைய ரிம்

கடையில் அலுமினிய ரிம் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அதுவும் இராசநாயகம் ஐயாவுக்கு என்று வரவழைத்தது. வங்கியில் அதிகாரி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். இரண்டு மாதமாக அந்த ரிம்முக்காகக் காத்திருந்தார். அடுத்த சரக்கு வர இன்னும் ஐந்து வாரம் ஆகும்.

தவுக்கே, கேட்பதானால் நீயே கேள் என்று ஒதுங்கிக்கொண்டார். வங்கி விட்டதும் ஐயா கடைக்கு வந்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் தவறையும் சொன்னேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. "தம்பி, நீர் விட்ட பிழைக்கு நான் ஏன் என்ர சாமானைக் குடுக்க வேணும்?"

"நியாயம்தான் சார்."

"அவவுக்கு வேற ஆரும் உதவி இல்லையோ?"

"இல்ல சார்."

அவர் ரிம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எடை பார்ப்பது போல உயர்த்தினார். கடை வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எனக்கு இப்போதைக்கு அந்த இரும்பு ரிம்மைப் போட்டுத் தாரும். மழை பெய்தால் நான் வீட்டில இருப்பன். அவவால அது ஏலாதுதானே." போகும்போது திரும்பி, "ஆனால் ஐந்து கிழமை எண்டால் ஐந்து கிழமைதான், தெரியுமோ?" என்றார். அது எரிச்சலாகச் சொன்னதுதான். இருந்தாலும் சொன்னார்.

இந்த முறை சாமான்களை மேட்டை நினைத்துத் தேர்ந்தெடுத்தேன். அலுமினிய ரிம். பெரிய பிரேக் ரப்பர். பால் வெட்டுகிறவர்களுக்கு வலது கையில்தான் பிடி அதிகம், அதனால் முன் பிரேக்கை வலது கைக்கு மாற்றினேன். குமிழ்கள் தள்ளித் தள்ளி இருக்கிற டயர். சக்கரம் சுற்றும்போது மண் தானாக உதிர்ந்துவிடும். காற்றைக் கைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு இறக்கினேன், டயர் தரையைக் கவ்வட்டும் என்று. முன்னால் இருந்த மூன்று பல் சக்கரத்தில் இரண்டைக் கழற்றிவிட்டு இருபத்தெட்டை மட்டும் விட்டேன். அவருக்கு வேகம் வேண்டாம். கழன்று மாட்டிக்கொள்கிற சாமான் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின் கேரியரை எடுத்துவிட்டு, சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற மாதிரி இரும்புக் கம்பியில் கூடு அடித்தேன். வாளி இனி அவர் முதுகுக்குப் பின்னால் இருக்காது, சக்கரத்தின் நடு அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும்.

கட்டி முடித்ததும் டவுன்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரி அழகாக இல்லை. தவுக்கே அதைப் பார்த்துவிட்டு, "மீன்காரன் சைக்கிள் மாதிரி இருக்கு" என்றார்.

இந்த முறை அக்காவிடம் கொடுப்பதற்கு முன், நானே அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், தண்ணீர் வாளியோடு மூன்று தரம் இறங்கினேன். மூன்றாவது தரம் வேண்டுமென்றே வேகமாக வந்து பாலத்துக்கு முன்னால் பிடித்தேன். நின்றது.

5. இரண்டு முழம்

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மண்டோர் வந்து பாலத்துக்குப் பக்கத்தில் நின்றார். அன்று மழை இல்லை. அதனால் மேலே வைத்து நானே இரண்டு ரிம்மிலும் தண்ணீர் ஊற்றினேன். சடக்கில் முந்தின நாள் மழையின் ஈரம் இருந்தது. வாளிகளில் தண்ணீர் நிரப்பிக் கூட்டில் இறக்கினோம்.

"அக்கா, ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிங்க. வேகம் எடுத்த பெறகு புடிக்கிறது இல்ல, மொதல்லருந்தே லேசாப் புடிச்சிக்கிட்டே எறங்குங்க."

அவர் தலையாட்டினார். முழங்கையில் காய்ந்த புண் இன்னும் கறுப்பாக இருந்தது. விழுந்த பிறகு அன்றுதான் முதல் முறையாக இறங்கப் போகிறார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கிளம்பிவிட்டார்.

நான் பின்னால் ஓடினேன். மரங்களுக்கு நடுவே அவர் முதுகு தெரிந்தது, மறைந்தது. பிரேக் ரப்பர் ரிம்மில் உரசுகிற கீச்சென்ற சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். திருப்பத்தில் அது திடீரென்று நின்றது. இன்னும் வேகமாக ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் பலகைக்கு இரண்டு முழத்துக்கு முன்னால் நின்றிருந்தது. அக்கா நல்ல காலைத் தரையில் ஊன்றியிருந்தார். வாளியில் இருந்து தண்ணீர் கொஞ்சம்தான் தளும்பியிருந்தது. மண்டோர் பிரேக்கைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

"பிடிக்குதுலா," என்றார். பிறகு அக்காவிடம், "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். காலையில் ஆள் கணக்கெடுத்துக் காடு பிரித்துக் கொடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம்.

அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அக்கா சைக்கிளை விட்டு இறங்கினார். ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு விரல்களை நீட்டி நீட்டி மடக்கினார்.

"பயமாக்கா?"

"பயமில்ல தம்பி. ரொம்ப இறுக்கிப் புடிச்சிட்டேன்."

அவர் அந்தக் காட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் வெட்டினார். மகள் அந்த வீட்டில் இருந்தே பரீட்சை எழுதினாள். இராசநாயகம் ஐயாவுக்கு ஐந்து வாரம் என்று சொன்ன ரிம் ஏழு வாரத்தில் வந்தது. அந்த இரண்டு வாரமும் தினமும் போன் செய்தார். எட்டு மாதம் கழித்து அக்கா பிரேக் ரப்பர் மாற்ற வந்தபோது, இடது காலுக்கு இழுவை பத்தவில்லை என்றார். பெடலைக் கழற்றி ஆறு அங்குலத் துளையில் போட்டுக் கொடுத்தேன். சிரமம் இல்லாமல் சுற்றினார். பிறகு அந்த மேட்டையும் விற்று மரங்களை வெட்டிவிட்டார்கள். அதற்குள் மகளுக்கு ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்து, இரண்டு பேரும் ஈப்போவுக்கே வந்துவிட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதிகம் இல்லை. வருகிறவரிடம் என்ன டயர், எத்தனை கியர் என்று முதலில் கேட்காதீர்கள். எந்த வழியில் போவீர்கள், என்ன பாரத்தோடு திரும்புவீர்கள், மழையில் போவீர்களா, உடம்பில் எங்கே வலி என்று கேளுங்கள். முடிந்தால் அந்த வழியில் நீங்களே ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். சாமான்கள் அதற்குப் பிறகு தாமாகவே தேர்வாகிவிடும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கா விழுவதற்கு முந்தின இரண்டு மாதத்துக்குள் நான் அதே இரும்பு ரிம்மோடு இன்னும் இரண்டு சைக்கிள்களை மேட்டுப் பக்கத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன். அஞ்சலை அக்கா விழுந்த பிறகு அவர்களைத் தேடிப் போனேன். ஒருவர் சுங்கை சிப்புட்டில் ரொட்டி விற்பவர். விசாரித்துக் கண்டுபிடித்து, ரிம் வந்ததும் மாற்றிக் கொடுத்தேன். இன்னொருவர் சிம்பாங் புலாய் மலைப்பக்கத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனர். கீரைக் கூடைகளோடு இறங்குவேன் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் இருந்தது. பெயர் தெரியாது. நான் கேட்டு வைக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தச் சடக்கில் கடை கடையாக விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் எங்கள் கடைக்குத் திரும்பி வரவும் இல்லை.

அவருக்கு ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். ரிம் மாற்ற எனக்கு அரை நாள் வேலை. எந்த வழியாக இறங்குவீர்கள், உங்கள் பெயர் என்ன என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.